பள்ளி நிதித் திருவிழாவுக்கு வீட்டிலேயே செய்யும் விளையாட்டுகள்: எவை கூட்டத்தைத் தாங்கும்?

அட்டைப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பிள்ளைகளின் பள்ளியில் நூலகத்துக்காக நிதி திரட்டும் கார்னிவல் நடத்தப் போகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரித்தபோது "விளையாட்டுகள்" என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, உள்ளூர எனக்கு மகிழ்ச்சிதான். வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போட விடாதவள் நான்.

சென்ற முறை ஆட்டங்களை வாடகைக்கு எடுத்தார்கள். பார்வைக்குப் பளபளப்பாக இருந்தன. வாடகையைக் கொடுத்து முடித்தபோது வசூலில் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. அதனால் இம்முறை எல்லாமே கையால் செய்தவையாக இருக்க வேண்டும் என்று தீர்மானம். திருவிழா மூன்று மணி நேரம். பாதி இடம் கூரைக்குள், பாதி திறந்தவெளி. ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு தம்பி தங்கைகளும் வருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை என் நோட்டில் எழுதி வைத்திருப்பவை: டின் அடுக்கி அடித்தல், வளையம் எறிதல், கட்டத்துக்குள் வட்ட வில்லை எறிதல், காந்தத் தூண்டில், ஆணிப்பலகையில் பந்து உருட்டுதல், சுழல் சக்கரம், பலூன் உடைத்தல், தண்ணீர்க் கோப்பைக்குள் பந்து போடுதல், கம்பியைத் தொடாமல் வளையத்தை நகர்த்தும் ஆட்டம், ஒரு சிறிய கோல்ஃப் திடல், ஜாடியில் எத்தனை கோலிக்குண்டு என்று ஊகித்தல். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை.

என் சந்தேகங்கள் இவை. இவற்றில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது? ஓர் ஆட்டம் மிக எளிதாக இருந்தால் பரிசு எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; மிகக் கடினமாக இருந்தால் பிள்ளைகள் முகம் சுருங்கிப் போய்விடுவார்கள். இந்த அளவை எப்படிப் பிடிப்பது? பரிசு வென்றவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படத்தில் அழகாக இருப்பவை ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டேன்.

---

வரிசைக்காரி எழுதியது:

சகோதரி, பல ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் முதலில் சொல்லத் தோன்றுவது: நோட்டை மூடிவிட்டு ஒரு கடிகாரத்தை எடுங்கள்.

எல்லாரும் ஆட்டம் எவ்வளவு சுவையானது என்று யோசிக்கிறார்கள். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த பிள்ளை தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. வசூலைத் தீர்மானிப்பது அதுதான். மூன்று மணி நேரம் என்றால் 10,800 விநாடி. ஒரு முறைக்கு 40 விநாடி ஆகும் ஆட்டத்தில் 270 பேர் ஆடலாம். 90 விநாடி ஆகும் ஆட்டத்தில் 120 பேர்தான். இரண்டுக்கும் டிக்கெட் ஒன்றே, மேசை ஒன்றே, நிற்கும் ஆள் ஒருவரே. வரிசை நகராவிட்டால் பெற்றோர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

இந்த அளவுகோலை வைத்தால் உங்கள் பட்டியல் தானாகவே இளைத்துவிடும். கோல்ஃப் திடல் முதலில் வெளியே. ஒரு குழந்தை குழிக்குள் பந்தைத் தள்ளும்வரை பின்னால் இருபது பேர் நிற்பார்கள், நாம் "போதும் கண்ணா" என்று சொல்லவும் முடியாது. பலூன் உடைத்தலும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஊதிக் கட்டி ஒட்ட வேண்டும், கூர்முனை அம்பு பிள்ளைகள் கையில், உடைந்த ரப்பர்த் துண்டுகள் தரையில். தவழும் குழந்தை அவற்றில் ஒன்றை வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் கோப்பை ஆட்டத்தைக் கூரைக்குள் மட்டும் வையுங்கள். மேசைப் பந்தின் (டேபிள் டென்னிஸ் பந்தின்) எடை 2.7 கிராம்தான்; வெளியே வைத்தால் ஆடுவது பிள்ளைகள் அல்ல, காற்று.

டின் அடித்தலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கூட்டத்தை இழுப்பது இதுதான். சரியாகச் செய்யாவிட்டால் உங்கள் ஆளை முறித்துப் போடுவதும் இதுதான். பத்து டின் கோபுரம் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆறு போதும்: கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. அடித்தட்டு டின்கள் நிற்கும் இடத்தை மேசைமேல் வட்டமாக வரைந்துவிடுங்கள். அடுக்குபவர் கண்ணால் அளந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கோபுரம் ஒரே மாதிரி அமையும், "அவனுக்கு மட்டும் எளிதாக வைத்தார்கள்" என்ற புகாரும் வராது. மேசைக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையைத் தொங்க விடுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள். தளர்வாகத் தொங்கும் துணியில் பட்ட டின் அங்கேயே காலடியில் விழும். இறுக்கமான துணியில் பட்டால் திரும்பி வந்து முன்வரிசையில் நிற்பவனின் முழங்காலைப் பதம் பார்க்கும். மேசையின் மூன்று பக்கமும் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் வைத்துவிட்டால் உருண்டு ஓடுவது அறவே நின்றுவிடும். உங்கள் பெயருக்கேற்ற வேலை!

ஒரே மேசையில் இரண்டு கோபுரம் வையுங்கள். ஒன்றில் ஆட்டம் நடக்கும்போது மற்றொன்றை அடுக்கலாம். இந்த ஒரு மாற்றத்திலேயே வரிசை ஏறக்குறைய இருமடங்கு வேகமாக நகரும். அடுக்குபவர் கோபுரங்களுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். எறிபவன் கோட்டில் நிற்கும்போது அவர் கை மேசைமேல் இருக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

எறிவதற்குப் பந்து வேண்டாம். பந்து உருளும், உருண்ட பந்தைத் தேடி ஒருவர் மேசைக்கடியில் தவழ வேண்டும். துணிப்பை தையுங்கள். உள்ளங்கையில் அடங்கும் சதுரம், உள்ளே உலர்ந்த மணல், முதலில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் தடித்த துணி, ஓரத்தில் இரட்டைத் தையல். எறிந்த இடத்தில் பொத்தென்று விழுந்து கிடக்கும். ஒற்றைத் தையல் போட்ட பை பாதித் திருவிழாவில் வாயைப் பிளந்துவிடும், அதன்பின் மேசையெல்லாம் மணல்.

டின்னின் வாய்ப்பகுதியைக் கையுறை போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அரத்தால் ராவி, அதன்மேல் துணிநாடா ஒட்டுங்கள். சத்தம் நிறைய வரும், மேடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள்.

இன்னொன்று: ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிக்கெட் வாங்கிப் பேசுவதற்கு, மற்றவர் பொறுக்கி அடுக்குவதற்கு. ஒரு மணி நேரத்துக்குமேல் யாரும் உற்சாகமாக நிற்க மாட்டார்கள். ஆறு ஆட்டம் என்றாலே மூன்று மணி நேரத்துக்கு 36 ஆள் முறை. உங்கள் நோட்டில் உள்ள இரண்டு பக்கத்துக்கும் ஆள் தேடினால் ஆட வருவதற்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

---

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

எளிது, கடினம் என்பதற்கு அளவு கேட்டிருந்தீர்கள் அம்மா. சில ஆட்டங்களில் அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம், ஊகம் தேவையில்லை.

கட்டத்துக்குள் வில்லை எறியும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தொடாமல் விழுந்தால் வெற்றி. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் அறிஞர் புஃபோன் இந்தக் கேள்வியைத் தரை ஓடுகளின் மேல் விழும் காசை வைத்துக் கேட்டு விடையும் கண்டுவிட்டார். கட்டத்தின் பக்கத்திலிருந்து வில்லையின் விட்டத்தைக் கழியுங்கள்; வருவதைப் பக்கத்தால் வகுங்கள்; விடையை அதனாலேயே பெருக்குங்கள். அதுதான் வெற்றி வாய்ப்பு. வில்லையின் விட்டம் 30 மி.மீ., கட்டம் 60 மி.மீ. என்றால் பாதியின் வர்க்கம், அதாவது நான்கில் ஒன்று. கட்டத்தை 45 மி.மீ. ஆக்கினால் ஒன்பதில் ஒன்று. 90 மி.மீ. ஆக்கினால் ஒன்பதில் நான்கு. கட்டம் கொஞ்சம் மாறினாலும் வாய்ப்பு நிறைய மாறுவதைக் கவனியுங்கள். தடித்த பேனாவால் கோடு போட்டால் கோட்டின் தடிமனையும் கட்டத்திலிருந்து கழிக்க வேண்டும். பிள்ளைகள் குறிபார்க்க முடியாத தூரத்தில் நின்றால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் கணிதம் தோற்றுவிடும்.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கே அல்ல. கட்டத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, "ஒரு டிக்கெட்டுக்கு மூன்று வில்லை" என்று தாராளமாக அறிவித்துவிடுவார்கள். ஓர் எறிதலுக்கு நான்கில் ஒன்று என்றால், மூன்று எறிதலில் ஒன்றாவது வெல்லும் வாய்ப்பு 64இல் 37. பாதிக்குமேல் வந்துவிட்டது! பரிசுப் பெட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியானது என்று பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்று எறிதல் கொடுக்கத்தான் வேண்டும், ஒன்றே ஒன்று என்றால் பிள்ளைக்கு ஆடியதாகவே இருக்காது. எனவே கட்டத்தை 45 மி.மீ. ஆக்குங்கள். மூன்று எறிதலில் வெற்றி வாய்ப்பு சுமார் 30 சதவீதம். பத்துப் பேரில் மூன்று பேர் வெல்வதை வரிசையில் நிற்பவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், அது போதும்.

ஆணிப்பலகையும் இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் செய்து காட்டிய பலகையின் தம்பி அது. முக்கோணமாக ஆறு வரிசை ஆணி, மொத்தம் 21 ஆணி, கீழே ஏழு அறைகள். உச்சியிலிருந்து விழும் உருண்டை ஒவ்வோர் ஆணியிலும் இடமோ வலமோ போகும். மொத்தம் 64 வழிகள். அவை ஏழு அறைகளுக்கும் 1, 6, 15, 20, 15, 6, 1 என்று பிரிகின்றன. நடு மூன்று அறைகளுக்கே 50 வழிகள் போய்விடுகின்றன. இரு கோடிகளுக்கும் சேர்த்து 64இல் 2, அதாவது 32இல் ஒன்று. பெரிய பரிசு கோடியறைக்கு, சிறியது நடுவுக்கு என்று எழுதினால் முடிந்தது. நிஜப் பலகையில் உருண்டை துள்ளுவதால் கோடிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். நூறு முறை உருட்டிக் குறித்துக்கொண்டால் உங்கள் பலகையின் குணம் தெரிந்துவிடும். இந்த வேலையை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கொடுங்கள், மறுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. உருண்டையைப் போடும் இடம் உச்சியின் நடுவில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சிறிய புனலை ஒட்டிவிடுங்கள். "எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம்" என்றால் இரண்டாவது பிள்ளையே ஓரத்தில் போடத் தொடங்கிவிடும்.

வரிசைக்காரி அம்மையார் சொன்ன அளவுகோலுக்கு இது மிகவும் பொருந்தும். உருண்டை கீழே விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, அடுக்க எதுவும் இல்லை.

---

மரத்தூள் எழுதியது:

ஐயா சொன்ன ஆணிப்பலகையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆணிகளுக்கிடையே உருண்டையின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் சிக்கிக்கொள்ளும். மிகவும் கூடினால் உருண்டை ஆணியைத் தொடாமலேயே நழுவி நேராக விழும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்த்து வையுங்கள், துள்ளல் குறையும். பக்கவாட்டில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்று பார்க்க, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மேல்விளிம்பில் படுக்க வைத்துப் பாருங்கள். தலையற்ற ஆணியானால் கண்ணுக்கு ஆபத்து. தலையுள்ள ஆணி, அல்லது வட்டமான மரக்குச்சி.

அக்கா, உங்கள் பட்டியலில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை நிற்க வைக்கப் போவது கம்பி ஆட்டம்தான். நான் பட்டறை ஆள், அதைப் பற்றிச் சொல்கிறேன். வளைந்து நெளிந்த ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு சிறு வளையம், இரண்டும் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். அவ்வளவுதான். மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து பஸ்ஸருக்கு, பஸ்ஸரிலிருந்து நெளிகம்பிக்கு, வளையத்திலிருந்து மின்கலத்தின் மறுமுனைக்கு. தொடும்போது சுற்று முழுமையாகிறது. 3 வோல்ட்டில் வேலை செய்யும் பஸ்ஸர் வாங்கினால் இரண்டு பென்சில் பேட்டரி போதும். யார் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. பொத்தான் பேட்டரி மட்டும் வேண்டாம், சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

கம்பியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக்கம்பி பளபளவென்று இருக்கும், மேலே கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். மின்சாரம் பாயாது. எவ்வளவு தேய்த்தாலும் நெளிவுகளின் உட்புறத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே தொட்டால் சத்தம் வராது. பிள்ளைகள் அந்த இடத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பூச்சில்லாத கம்பி, பென்சில் முனையைவிடச் சற்றுத் தடித்ததாக, கையால் வளைக்கும்படி இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுங்கள். விரல் வியர்வை பட்டுப் பட்டு மேலே மங்கல் படியும், அதனாலும் சத்தம் விட்டுப்போகும்.

இரண்டு கோடியிலும் நான்கு விரல் அகலத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வளையம் ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டுமே, இல்லையென்றால் ஆட்டம் தொடங்குமுன்பே கத்திக்கொண்டிருக்கும். வளையத்தை இரண்டாகச் செய்யுங்கள்: சின்னப் பிள்ளைகளுக்கு உட்பக்கம் ஐந்து செ.மீ., பெரியவர்களுக்கு இரண்டரை. பிடிக்கு ஒரு மரத்துண்டு. பிடியிலிருந்து வரும் ஒயரை முடிச்சுப் போட்டுப் பலகையின் துளையில் மாட்டுங்கள். பிள்ளைகள் இழுக்கும்போது இழுப்பு முடிச்சோடு நின்றுவிடும், இணைப்பு பிடுங்கிக்கொண்டு வராது. நேரத்துக்கு வரிசைக்காரி அக்கா கோபித்துக்கொள்ளாதபடி ஒரு விதி: மூன்றாவது சத்தத்தோடு ஆட்டம் முடிந்தது. பெரும்பாலோர் அரை நிமிடம் தாண்ட மாட்டார்கள்.

சுழல் சக்கரத்துக்குப் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. பேரிங் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. டயரைக் கழற்றிவிட்டு, வட்டமாக வெட்டிய அட்டையைக் கம்பிகளின் மேல் கட்டுங்கள். அதற்குமுன் ஒரு சோதனை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு நிற்கும்வரை காத்திருங்கள். மறுபடியும் சுற்றுங்கள். ஒரே இடம் மீண்டும் மீண்டும் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். அநேகமாகக் காற்றடிக்கும் வால்வு இருந்த துளைக்கு எதிரிலோ, விளிம்பு ஒட்டிய இடத்திலோ இருக்கும். நேரெதிர்ப் பக்கத்தில் ஒரு நட்டைக் கட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. அட்டையைக் கட்டியபின் மறுபடியும் ஒருமுறை பாருங்கள். கனம் சரியில்லாத சக்கரம் ஒரே எண்ணில் நிற்கும், அதைப் பார்ப்பவர்கள் நாம் வேண்டுமென்றே செய்ததாக நினைப்பார்கள்.

பிரிவுகளுக்கு நடுவில் அல்ல, பிரிவுகளின் எல்லைக்கோட்டில் முளைகளை வையுங்கள். மேலிருந்து ஒரு வளையும் பிளாஸ்டிக் நாக்கு முளைகளில் தட்டிக்கொண்டே வரட்டும். நாக்கு எப்போதும் இரண்டு முளைகளுக்கு இடையில்தான் நிற்கும். கோட்டின்மேல் நின்றது, இதுவா அதுவா என்ற சண்டைக்கே இடமில்லை. அந்தத் தடதட சத்தம் பத்து விளம்பரப் பலகைக்குச் சமம்.

---

இரட்டையர் அம்மா எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் வெல்வதைப் பற்றியே பேசுகிறார்கள். தோற்ற பிள்ளையைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? எனக்கு ஏழு வயதில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஜெயித்து, மற்றொன்று தோற்று, இரண்டும் கையைப் பிடித்து நடந்து வரும் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும்.

தோற்றாலும் ஒரு ஸ்டிக்கராவது கொடுங்கள் என்பேன். கணக்காசிரியர் ஐயா 30 சதவீதம் போதும் என்கிறார். எட்டு வயதுக்கு மேல் சரி. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தில் ஏழு தோல்வி என்றால் அது விளையாட்டு இல்லை, தண்டனை. காந்தத் தூண்டிலைச் சின்னவர்களுக்கென்றே ஒதுக்கி, அதில் எல்லாருக்கும் பரிசு என்று வைத்துவிடுங்கள். அட்டையில் மீன் வெட்டி, மூக்கில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டி, வயிற்றில் எண் எழுதுங்கள். எண்ணுக்கேற்ற சிறு பரிசு. எந்த மீனும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

காந்தம் பெரியதாக இருக்கட்டும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வளையக் காந்தத்தைப்போல. மணியளவில் வரும் சக்திவாய்ந்த சிறு காந்தங்கள் கட்டாயம் வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடல் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சைவரை போகும். நூலையும் முழங்கை நீளத்துக்குமேல் விடாதீர்கள், பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியைத்தான் பிடிக்கும்.

பந்துகளிலும் ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கான அமெரிக்க விதியில், பந்தின் விட்டம் 44.4 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மேசைப் பந்து 40 மி.மீ.தான். கோலிக்குண்டைச் சொல்லவே வேண்டாம். அக்காமார்கள் ஆடும்போது இடுப்பில் இருக்கும் தம்பி சும்மா இருப்பானா? ஆணிப்பலகையின் அடியறைகளுக்கு முன்னால் ஒரு கண்ணாடித்தாள் தடுப்பு வைத்து, உருண்டை உங்கள் ஆளின் பக்கம் மட்டும் வந்து விழும்படி செய்துவிடுங்கள்.

---

வரிசைக்காரி எழுதியது:

இரட்டையர் அம்மாவின் தூண்டில் யோசனைக்கு என் முழு ஆதரவு. எல்லா ஆட்டத்திலும் ஆறுதல் பரிசு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். செலவைவிடப் பெரிய சிக்கல், பரிசைத் தேர்ந்தெடுக்கும் நேரம். ஒரு பிள்ளையிடம் ஸ்டிக்கர் தாளை நீட்டிப் பாருங்கள். எறிவதற்குப் பத்து விநாடி, நிறம் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்.

எங்கள் வழி இது. எந்த ஆட்ட மேசையிலும் பரிசே கிடையாது. டிக்கெட்டோடு ஓர் அட்டை கொடுப்போம். ஆடினாலே ஒரு முத்திரை, வென்றால் மூன்று. வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பரிசு மேசை. அங்கே முத்திரைகளைக் காட்டி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று தேர்ந்தெடுக்கட்டும். அந்த வரிசை ஆட்டத்தை நிறுத்தாது. தோற்ற பிள்ளையும் வெறுங்கையோடு போவதில்லை, உங்கள் இரட்டையர் இருவர் கையிலும் ஏதாவது இருக்கும். பரிசுப் பொருள் தீர்ந்துகொண்டு வருவதும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். பரிசாகப் பணம் மட்டும் வேண்டாம். அதிர்ஷ்ட ஆட்டத்துக்குப் பணப்பரிசு என்றால் பல இடங்களில் அனுமதி, சட்டம் என்று வேறு கதை தொடங்கிவிடும்.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நோட்டில் இரண்டாவது பக்கத்தைக் கிழித்தே விட்டேன். இப்போதைய முடிவு: டின், வில்லைக் கட்டம், ஆணிப்பலகை, தூண்டில், கம்பி, சக்கரம். முத்திரை அட்டை மிகவும் பிடித்திருக்கிறது. மரத்தூள் தம்பி, அலமாரிக்குமேல் கிடந்த சைக்கிள் சக்கரத்தை நேற்றே இறக்கிவிட்டேன். வீட்டில் யாருக்கும் அது ஏன் வரவேற்பறையில் சுழல்கிறது என்று புரியவில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஐந்து வயதும் பதின்மூன்று வயதும் ஒரே டின் மேசைக்கு வந்தால் என்ன செய்வது? கோலிக்குண்டு ஜாடியை விட மனமில்லை, அதை வைக்கலாமா? வளையம் எறிதலையும் அரைமனதோடுதான் விட்டேன்.

---

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

ஜாடியைத் தாராளமாக வையுங்கள் அம்மா, அதற்கு அடுக்கவோ பொறுக்கவோ எதுவுமில்லை. ஒரு தாளும் பேனாவும் ஒரு பெட்டியும் போதும். ஆனால் நேரான உருளை ஜாடியும் ஒரே அளவுக் குண்டுகளும் வேண்டாம். சும்மா கொட்டிய உருண்டைகள் பாத்திரத்தின் கொள்ளளவில் சுமார் 60 சதவீதத்தை அடைக்கும். 16 மி.மீ. குண்டு ஒன்றின் கன அளவு 2 கன செ.மீ.க்குச் சற்று மேல். ஒரு லிட்டர் ஜாடி என்றால் சுமார் 280 என்று பெரிய வகுப்புப் பையன் சுவரில் சாய்ந்துகொண்டே சொல்லிவிடுவான். ஓரத்தில் விழும் இடைவெளிக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டால் அநேகமாக அவனுக்கே பரிசு. இடுப்பு சிறுத்த ஜாடியில் இரண்டு மூன்று அளவுக் குண்டுகளைக் கலந்து போடுங்கள். நிரப்பும்போதே எண்ணி, எண்ணிக்கையை உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொன்னால் யாருக்குப் பரிசு என்பதையும் பெட்டிமேல் எழுதிவிடுங்கள்.

---

வரிசைக்காரி எழுதியது:

டின் மேசைக்கு முன்னால் தரையில் மூன்று கோடு போடுங்கள், மூன்று நிறத்தில். ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டரை. வயதைக் கேட்காதீர்கள், வகுப்பைக் கேளுங்கள். வயதில் பொய் சொல்லும் பிள்ளை வகுப்பில் சொல்லாது, பின்னால் நிற்கும் நண்பன் காட்டிக் கொடுத்துவிடுவான். பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு அதுவும் எளிதாக இருந்தால் அடித்தட்டு மூன்று டின்னிலும் கொஞ்சம் மணல் போட்டு மூடி, "கனமான டின்" என்று வெளியே எழுதி வையுங்கள். எழுதாமல் செய்தால் ஏமாற்று. எழுதி வைத்தால் சவால், அவர்களே தேடி வருவார்கள்.

வளையத்தை விட வேண்டாம், உங்களுக்கு ஆள் கிடைத்தால் ஏழாவதாக வையுங்கள். பிளாஸ்டிக் வளையம் பாட்டில் கழுத்தில் பட்டுத் துள்ளி ஓடும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயில் 50 செ.மீ. வெட்டி, இரண்டு முனைக்குள்ளும் ஒரு மரக்குச்சியைச் செருகி டேப் சுற்றுங்கள். 16 செ.மீ. அகலத்தில் நல்ல கனமான வளையம் கிடைக்கும். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள். பாட்டில்களை நெருக்கி வைத்தால் வளையம் பல கழுத்துகளின் மேல் படுத்துக்கொள்ளும், ஒன்றிலும் இறங்காது. இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஒரு வளையம் தட்டையாகத் தரையில் கிடக்கும் அளவுக்கு இடம் விடுங்கள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை ஆட விடுங்கள். கடிகாரத்தோடு நில்லுங்கள். எந்த மேசையில் ஒரு முறைக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டுகிறதோ அந்த நேரங்களை மட்டும் இங்கே எழுதுங்கள், எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.